ஜூலை 24-க்குள் ஒரு முன்னோடியின் கதையை எழுதுவது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 1847-ல் அந்தத் தேதியில்தான், மார்மன் மக்களை (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரை) வழிநடத்திய பிரிகாம் யங் அங்கே சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். இல்லினாய் மாநிலத்து நாவூ நகரத்தை அவர்கள் விட்டுக் கிளம்பியது 1846 பிப்ரவரியில். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அங்கே நிம்மதியாக வாழவும் விடவில்லை. அப்படி வந்து குடியேறியவர்களைத்தான் முன்னோடிகள் என்கிறோம். அந்த வருகையின் நினைவாக இன்றும் ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் நடக்கிறது.

எங்கள் வீட்டில் அன்று ராத்திரி இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு முன்னோரின் கதையை, ஒரே ஒரு பக்கம், சத்தமாக வாசிப்போம். முன்னோடிகள் என் கணவர் வழி. நான் நாகர்கோவில் பக்கம், கல்லறைத் திருநாளுக்கு ஆச்சியின் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றி வளர்ந்தவள். அதனால் இந்தப் பழக்கம் முதல் வருடமே எனக்கு ஒட்டிக்கொண்டது. முதல்முறை எழுத உட்காருகிறவர்களுக்காக, நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

படி 1: ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

முழு வம்சாவளியையும் எழுதப் புறப்பட்டால் ஆகஸ்ட் வந்துவிடும். ஒரு பெயர் போதும். வீட்டில் மூத்தவரிடம், "யாரைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். என் மாமியார் யோசிக்கக்கூட இல்லை. டென்மார்க்கிலிருந்து தனியாக வந்த 19 வயதுப் பெண்ணைச் சொன்னார். மூத்தவர் பேசும்போது கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் குரலே பின்னால் ஒரு சொத்து.

படி 2: பதிவுகளைத் தேடுங்கள்

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம், சபை உறுப்பினராக இருக்கவும் வேண்டாம். உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி பெயரைப் போட்டுக்கொண்டே மேலே போனால், இறந்துபோன உறவினர்களைப் பற்றி மற்றவர்கள் சேர்த்துவைத்திருப்பது தெரிய வரும்.

அடுத்து, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் வரலாற்றுத் துறை வைத்திருக்கும் முன்னோடிப் பயணிகள் பட்டியல். இதுவும் இலவசம். 1847 முதல் 1868 வரை வந்தவர்கள் இதில் இருக்கிறார்கள். 1869 மே மாதம் ரயில்பாதை இணைந்துவிட்டதால் நடைப்பயணத்தின் காலம் அதோடு முடிந்தது. பெயரை அடித்தால் எந்த வருடம், எந்தக் குழு, அப்போது என்ன வயது என்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பழகிப் பார்க்க ரிச்சர்ட் பாலண்டைன் என்ற பெயரைத் தேடுங்கள். 1853-ல் நம் சென்னைக்கு வந்து ஊழியம் செய்தவர் அவர். திரும்பிப் போனதும் 1855-ல் ஒரு வண்டிக் குழுவைத் தலைமை தாங்கிக் கூட்டிச் சென்றார். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, பெயர். நான் யென்சென் என்று இரண்டு வாரம் தேடினேன், ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து டென்மார்க் கிராமங்களில் குடும்பப் பெயர் நம் இனிஷியல் மாதிரிதான், அப்பா பெயரிலிருந்து வரும். யென்ஸின் மகன் யென்சென், மகள் யென்ஸ்டாட்டர். மகன் பீட்டர் என்றால் அவன் மகன்கள் பீட்டர்சென் ஆகிவிடுவார்கள். மகள் பெயரில் தேடியதும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் கிடைத்துவிட்டாள். 1857-ல் போன ஏழாவது கைவண்டிக் குழுவில் இருந்தாள்.

இரண்டாவது, எல்லோரும் கைவண்டி இழுத்து வந்தவர்கள் இல்லை. 1856 முதல் 1860 வரை பத்துக் கைவண்டிக் குழுக்கள், அவற்றில் சுமார் 3,000 பேர், அவ்வளவுதான். பெரும்பாலானோர் மாட்டுவண்டிக் குழுக்களில் வந்தவர்கள். உங்கள் முன்னோர் அப்படி வந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். அதில் மதிப்பு ஒன்றும் குறையாது.

படி 3: அவர் எழுதவில்லையா? கூட நடந்தவர் எழுதியிருப்பார்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. எங்கள் டென்மார்க் பெண் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். அதே குழுவில் வந்தவர்களின் நாட்குறிப்புகளும் நினைவுகளும் அந்தப் பட்டியலோடு இணைக்கப்பட்டிருக்கும். தேதிவாரியாக வாசியுங்கள். அன்று மழை பெய்தது, வண்டிச் சக்கரம் உடைந்தது, ஒரு குழந்தையைப் புதைத்தார்கள் என்று இருந்தால், அந்த நாளில் உங்கள் முன்னோரும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

படி 4: 17 பவுண்டு

கைவண்டிப் பயணத்தில் பெரியவர் ஒருவருக்குத் துணி, படுக்கை எல்லாம் சேர்த்து 17 பவுண்டு சாமான்தான் அனுமதி, அதாவது எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எழுதுவதற்கு முன் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, பிள்ளைகளை மூட்டை கட்டச் சொல்லுங்கள். என் பெரியவன் கம்பளியை வைத்தான், ஜாக்கெட் வைத்தான், பூட்ஸ் வைத்ததும் முள் தாண்டிவிட்டது. பூட்ஸை எடுத்தான், மறுபடி வைத்தான், கம்பளியை எடுத்தான். "அவங்க அம்மா போட்டோவை எடுத்துட்டு வந்தாங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் கதையின் முதல் வரியாக வைத்தேன்.

படி 5: எழுதுங்கள்

சுமார் 300 சொற்கள் போதும். பதிவில் இருப்பதை இருப்பதாக எழுதுங்கள். வாய்வழியாக வந்ததை "குடும்பத்தில் சொல்வார்கள்" என்று போடுங்கள். கற்பனை உரையாடல் வேண்டவே வேண்டாம், உண்மையே போதுமான அளவு கனமானது. 1856-ல் தாமதமாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் என்ற கைவண்டிக் குழுக்கள் அக்டோபர் பனியில் வயோமிங்கில் மாட்டிக்கொண்டன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து உணவோடும் போர்வையோடும் மீட்புக் குழுக்கள் போயின. இதை எழுதும்போது பெரிய பெரிய அடைமொழி எதுவும் தேவைப்படாது. அவர்கள் வந்து குடியேறிய நிலம் ஷோஷோனி, யூட், கோஷூட் மக்கள் வாழ்ந்த நிலம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அவர் ஏன் நடந்தார் என்பதை விட்டுவிடாதீர்கள். கடவுள் மேல் இருந்த அன்பை எடுத்துவிட்டால் வெறும் தூரக் கணக்குதான் மிஞ்சும். இதற்கு ஜேன் மேனிங் ஜேம்ஸைப் படியுங்கள். கறுப்பினப் பெண். 1843-ல் கப்பலில் ஏற்ற மறுத்ததால் குடும்பத்தோடு நாவூவுக்கு நடந்தே போனார். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, தரையில் ரத்தத் தடம் பதிந்ததாம். நின்று ஜெபித்தார்கள், பாதங்கள் குணமாயின என்று முதிய வயதில் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தபோது குறிப்பிடுகிறார். 1847-ல் பள்ளத்தாக்குக்கு வந்தார். பஞ்ச காலத்தில் பக்கத்துப் பெண்ணுக்குச் சுமார் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார், தன்னிடம் இருந்ததில் பாதி. வாங்கிய பெண் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். உங்களுக்கு முன்னோடி வம்சம் இல்லையென்றால் இவருடைய கதையை வாசியுங்கள்.

படி 6: வாசிப்பும் ஜெபமும்

முதல் பாதியைப் பெரியவர் வாசிக்கட்டும், மீதியைப் பிள்ளையிடம் கொடுங்கள். அப்புறம் ஜெபம். முன்னோரை நோக்கி அல்ல, அவரைத் தந்த பரம பிதாவை நோக்கி, அவர் பெயரைச் சொல்லி நன்றி. எங்கள் வீட்டில் சின்னவள்தான் ஜெபித்தாள். "அந்தப் பாட்டிக்கு இப்ப கால் வலிக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மறக்காமல் அந்தப் பக்கத்தை ஃபேமிலிசர்ச்சில் அவர் பெயருக்குக் கீழே பதிவேற்றுங்கள். நான் ஏற்றிய பத்தாவது நாள் மாமியாரின் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. அந்தப் பெண் டென்மார்க்கிலிருந்த தன் அம்மாவுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதம் அந்தத் தங்கையின் பெட்டியில் இருக்கிறதாம். டேனிஷ் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.