நாலு பலூன் போதும், மீத்தேன் ரெடி

வேதியியல் வகுப்பில் மீத்தேன் மூலக்கூறை, அதாவது ஒரு கார்பனைச் சுற்றி நாலு ஹைட்ரஜனை, கரும்பலகையில் கூட்டல் குறி போல வரைகிறோம். பிள்ளைகள் பிணைப்புக் கோணம், அதாவது இரு பிணைப்புகளுக்கு இடையிலான கோணம், 90 பாகை என்றே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் மூலக்கூறு மாதிரி செட் வாங்க வசதியில்லையா? பலூன் பாக்கெட் ஒன்று வாங்குங்கள்.

நாலு பலூன்களை ஒரே அளவில் ஊதி முடிச்சுப் போடுங்கள். இரண்டிரண்டாக வால்களைச் சேர்த்துக் கட்டி, அப்புறம் இரு ஜோடிகளையும் நடுவில் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். நீங்கள் எதுவும் சரிசெய்ய வேண்டாம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவையே நான்முகியாக, அதாவது நாலு முக்கோண முகம் கொண்ட வடிவின் மூலைகளை நோக்கி, நின்றுவிடும். கோணம் 109.5 பாகை. அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்வதும் இப்படித்தான் என்று சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

அம்மோனியாவுக்கு ஒரு பலூனை மட்டும் வேறு நிறத்தில், சற்றே பெரிதாக ஊதுங்கள். அதுதான் பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் ஜோடி. மற்ற மூன்றும் நெருங்குவது கண்ணுக்கே தெரியும். உண்மையில் கோணம் 107 பாகை. தண்ணீருக்கு நாலில் இரண்டு பலூன் அப்படி, கோணம் 104.5. மூன்றே பலூன் என்றால் தட்டையாக விரியும், போரான் டிரைபுளோரைடு மாதிரி. ஆறு கட்டினால் சல்பர் ஹெக்சாபுளோரைடின் எண்முகி.

ஒரே குறை, மறுநாளே பலூன் சுருங்கிவிடும். நாள்பட வேண்டுமென்றால் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளும் தீக்குச்சியும் போதும். ஒரு துண்டின் நடுவே துளையிட்டு இன்னொன்றை நுழைத்தால் குச்சிகளைச் செருக நாலு முனை கிடைக்கும். குச்சியின் மருந்தை முதலில் சுரண்டிவிடுங்கள். பலூன் வெடித்தால் வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.