கல்வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்: க்ரூஸ் கிராமத்திலிருந்து

கடந்த வசந்தத்தில், பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கியிருந்த இளம் தம்பதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். "முதல் வேலையா வடக்குச் சுவரைச் சிமெண்டு வச்சுப் பூசிட்டோம் அண்ணா, இனிமே ஓதம் ஏறாது" என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார் அந்தத் தம்பி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் என் மனைவியிடம் சொன்னேன். கூரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள், கையிருப்புக்கு மேல் கடன் வாங்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிமெண்டுப் பூச்சு

பாரிஸ் நகரத்தைக் கட்டுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் நடந்தே போய் வந்த கொத்தனார்களின் ஊர் இது. அவர்கள் தங்கள் சொந்த வீடுகளுக்குக் கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கி, வெளி இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினார்கள். ஏறத்தாழ 60 செ.மீ. கனமுள்ள அந்தச் சுவர் ஒரே கட்டுமானம் அன்று. உள்ளும் புறமும் இரண்டு கல்வரிசைகள், நடுவே மண்ணும் சில்லுக்கற்களும். அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. ஆகவே மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்பு இணைப்புகளின் வழியே ஆவியாகிப் போய்விடுவதால்தான் இந்தச் சுவர்கள் இத்தனை தலைமுறை நிற்கின்றன.

இதன்மீது சிமெண்டைப் பூசினால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. வெளியேற முடியாத ஈரம், வெளியேற இடம் கிடைக்கும்வரை மேலே மேலே ஏறுகிறது. மேலும், பழைய சுவர் பருவத்துக்குப் பருவம் சற்றே அசையக்கூடியது; விறைப்பான சிமெண்டுப் பூச்சு அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழையாக வெடிக்கிறது. அந்த வெடிப்பின் வழியே மழைநீர் உள்ளே போகும், திரும்பி வராது.

எனக்கு யோசனை சொன்ன கட்டுமானப் பொருள் விற்பனையாளர் இதில் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் குளிர்காலத்தில் சுவர் அழகாக இருந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் உட்புறத்தில் மார்பளவு உயரத்தில் உப்புப் பூத்தது. அதையும் துடைத்துவிட்டு வண்ணம் அடித்தேன். மூன்றாம் ஆண்டு, மாடித் தளத்தைத் தாங்கும் ஓக் உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தியபோது, அது பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது முனையில் ஈரமான காப்பிச் சக்கையைப் போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. தச்சர் உத்திரத்தில் 40 செ.மீ. அறுத்தெடுத்துவிட்டு, புதிய ஓக் துண்டை எஃகுத் தகடுகளால் இணைத்தார். பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுண்ணாம்பால் மீண்டும் பூச, சிமெண்டுக்குச் செலவழித்ததைப்போல நான்கு மடங்கு ஆயிற்று. கருங்கல் என்பதால் கல்லாவது தப்பியது. மென்மையான சுண்ணக்கல் வீடுகளில் பூச்சோடு கல்லின் முகமும் பெயர்ந்து வந்துவிடுகிறது.

சுண்ணாம்பு வாங்கும்போதும் கவனம் வேண்டும். மூட்டையின்மீது 'என்.எச்.எல்.' என்று இருந்தால் அது இயற்கையான நீர்ச்சுண்ணாம்பு, அதாவது தண்ணீரோடு சேர்ந்து இறுகும் சுண்ணாம்பு. முதல் எழுத்து இல்லாமல் 'எச்.எல்.' என்று மட்டும் இருந்தால், உள்ளே சிமெண்டு கலந்திருக்கலாம். என்.எச்.எல். வகையிலும் 5 என்ற எண்ணுள்ளது இத்தகைய சுவர்களுக்கு மிகவும் கடினமானது. 2 அல்லது 3.5 போதும். உறைபனிக் காலத்தில் பூசவே கூடாது.

இதே தவறின் வேறு வடிவம் ஒன்றும் உண்டு. தரையில் பிளாஸ்டிக் படலம் விரித்துக் கான்கிரீட் போட்டால், வீட்டின் கீழிருந்த ஈரமெல்லாம் சுவரை நோக்கித் திரும்பும். வடிகால் வெட்டுகிறேன் என்று சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதோ இன்னும் மோசம். இந்த வீடுகளின் அடித்தளம் பல இடங்களில் இரண்டு சாண்கூட இருக்காது. முதலில் மழைநீர்த் தூம்பைச் சரிசெய்து, வெளியே சுவரையொட்டி உயர்ந்துவிட்ட மண்ணை வழித்தெடுத்துவிட்டு, ஒரு குளிர்காலம் காத்திருங்கள். பாதி ஓதம் தானாகவே போய்விடும்.

கழிவுநீர்த் தொட்டி

ஊர்ச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டை விற்பவர், மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட ஆய்வறிக்கையைத் தரவேண்டும். அதில் விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று இருந்தால், பத்திரம் முடிந்த ஓராண்டுக்குள் வாங்கியவர்தான் சரிசெய்யவேண்டும். ஆகவே முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே செலவு மதிப்பீடு வாங்கி, விலையில் கழித்துப் பேசுங்கள். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறுவதற்குச் சட்டம் தருவது 10 நாள்கள்தான்.

தானியக் கொட்டகை

கூடவே வரும் பெரிய கொட்டகையை வீடாக மாற்றிவிடலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வேளாண் மண்டலத்தில் அது தானாகக் கிடைக்கும் உரிமை அன்று. நகராட்சியில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற நிபந்தனையை, பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நொத்தேரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள்.

தேவாலயத்துக்கு அருகே

வீடு, பழைய தேவாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றின் 500 மீட்டருக்குள் இருந்தால், சன்னல் கதவின் நிறத்துக்குக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் தேவைப்படலாம்.

எல்லை

நில வரிக்கான வரைபடம் எல்லைக்குச் சான்றாகாது. அளவையரை அழையுங்கள்.

பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீடு

வேலை முடிந்து பத்தாண்டுக்குள் எழும் பெரும் பழுதுகளுக்காகக் கொத்தனார் எடுத்துவைக்கும் காப்பீடு இது. அதன் சான்றிதழில் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. எந்தெந்த வேலைகளுக்கு அது செல்லும் என்ற பட்டியலையும் படியுங்கள். கொத்துவேலைக்குக் காப்பீடு எடுத்தவர் கூரையையும் மாற்றித் தந்து, பிறகு அது ஒழுகினால், அந்தத் தாளால் உங்களுக்குப் பயனில்லை.