புயல் ஓய்ந்த பிறகு: நம் கையில் இருக்கும் வேலைகள்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. இதையெல்லாம் தனி மனிதர் யாரும் தடுத்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்பது மட்டும் முழுக்க நம் பொறுப்பு.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "யார் தப்பு" என்று மனதில் ஓடுவதையெல்லாம் எழுதுங்கள்: வாய்க்கால் தூர்வாரவில்லை, அணை திறப்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை, அண்ணன் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் இன்று இருட்டுவதற்குள் நீங்களே முடிக்கக்கூடிய வேலைகள் மட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் இரண்டுகூட முடியாது, மனசு இன்னும் சோர்ந்துபோகும்.

பதற்றத்தில் செய்கிற காரியம்தான் நஷ்டத்தை இரட்டிப்பாக்கும். தண்ணீரில் நின்ற பைக்கை "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்வது இதில் முக்கியமானது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் இன்ஜினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். நனைந்த பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கவும் வாய்ப்புண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். வீட்டிலும் அப்படித்தான்: மெயின் ஸ்விட்ச் அணைந்தே இருக்கட்டும், வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

சேறு அள்ளுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை, சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோடு, கெட்டுப்போன பொருட்கள். கோட்டின் பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்து எடுத்தால் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்குத் தகராறே வராது. வீடு சுத்தமான பிறகு எடுத்த போட்டோவால் பயனில்லை.

நிவாரணம் கேட்பது கையேந்துவது ஆகாது. நமக்கு உரியதைச் சரியாகக் கேட்பதும் பொறுப்புதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கும் மனுவில் "வீடு மொத்தமும் போச்சு" என்று எழுதினால் யாரும் அதைக் கணக்கெடுக்க முடியாது. "மேற்குச் சுவர் 8 அடி நீளத்துக்கு இடிந்தது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் 6 உடைந்தது, ஆடு 2 இறந்தது" என்று எழுதுங்கள். ரேஷன் கார்டு எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பேசினால் யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டாம் முறை போகும்போது சண்டை போடுவதைவிட அந்த நோட்டு நிறைய வேலை செய்யும்.

உறவுக்காரரிடமும் இதே முறைதான். "யாருமே எங்களை எட்டிப் பார்க்கல" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டால் குற்ற உணர்ச்சியோ சண்டையோதான் திரும்பி வரும். "மாமா, ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம் வந்தீங்கன்னா பீரோவையும் கட்டிலையும் வெளிய தூக்கிடலாம்" என்று கேளுங்கள். வர முடியுமா முடியாதா என்று அவரும் உடனே சொல்லிவிடுவார்.

வெளியில் அடக்கிய கோபம் வீட்டுக்குள் பிள்ளைகள் மேல் பாயும். தொண்டை இறுகுவது தெரிந்ததும் வாசலுக்குப் போய்விடுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், பத்து தடவை. மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத்துடிப்பு தணியும். பேச்சு அதற்குப் பிறகு. சாயங்காலம் குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். அந்தத் தூக்கம் நடுராத்திரியில் கலைந்துவிடும், நிவாரணப் பணமும் கரையும். இரண்டு வாரம் கழிந்தும் தூக்கமில்லை, வேலையில் கை ஓடவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் சரி, 14416 என்ற டெலிமனஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தோப்பு விழுந்தவர்களுக்கு முடிவு இன்னும் கஷ்டம். பண்ருட்டிப் பக்கம் தானேயில் சாய்ந்த முந்திரி மரங்கள் ஒரு தலைமுறை உழைப்பு. ஒட்டு முந்திரிக் கன்று மூன்றாம் வருடம்தான் காய்க்கத் தொடங்கும். இழப்பீடு வரட்டும் என்று ஒரு பருவம் நடாமல் விட்டால் காய்ப்பும் ஒரு வருடம் தள்ளிப்போகும். மொத்தத் தோப்புக்கும் கையில் காசில்லையா, வேர் தோண்டிய இடத்தில் கால் ஏக்கருக்கு மட்டும் இந்த மழையிலேயே கன்று வையுங்கள்.