வேட்பாளரின் மருத்துவ வாக்குறுதியை எடைபோடுவது எப்படி?
பெருந்துறையிலோ தாராபுரத்திலோ வாக்குக் கேட்டு வருபவர் அரசு மருத்துவமனையைச் சீர்திருத்துவதாகச் சொன்னால், புதுக் கட்டடம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். இரவில் மயக்க மருந்து மருத்துவர் இல்லையென்று பிரசவத்துக்கு வந்தவரைக் கோவைக்கு அனுப்பும் நிலை வந்தால், எந்தப் பணியிடத்தை யார் ஆணையால் நிரப்புவார் என்று கேளுங்கள்.

அடுத்து, 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைப்பதும், மருத்துவமனைகள் தத்தம் பாஸ்புக்கில் (மருந்துக்கென ஒதுக்கிய தொகையின் கணக்கேடு) உள்ள தொகைக்கேற்ப அவற்றைப் பெறுவதும் அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். ஆட்சி மாறியபோதும் அந்த அமைப்பைக் கலைக்காமல் விட்டதே அரசியல்வாதிகள் செய்த பெரிய உதவி (அதுவும் சிறிய வேலை அன்று). ஆகவே வேட்பாளர் மருத்துவம் படிக்காதது குறையில்லை; யாரைக் கலந்து முடிவெடுப்பார் என்று கேட்டால் ஒரு செவிலியரையோ மருந்தாளுநரையோகூடக் குறிப்பிடாதவரிடம்தான் எச்சரிக்கை தேவை.