ஆங்கிலக் குடும்பப் பெயரின் பூர்விகத்தையும் கேடயச் சின்னத்தையும் தேடுவது எப்படி?

ஆங்கிலக் குடும்பப் பெயர் எதையாவது இணையத்தில் தட்டிப் பாருங்கள். ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று ஒரு கேடயப் படம் வந்து நிற்கும். காபிக் கோப்பை, டி-ஷர்ட், சுவரில் மாட்டும் பலகை என்று எதில் வேண்டுமானாலும் அச்சடித்துத் தருவார்கள். காசைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிலாந்தில் பெயருக்கென்று சின்னம் கிடையாது. கோட் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கொடுக்கப்படுவது, பிறகு அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்குவது. ஆயிரக்கணக்கான ஸ்மித்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லாருக்கும் ஒரே கேடயம் ஆகிவிடாது.

ஆகவே பெயரின் பூர்விகம் ஒரு தேடல், சின்னம் வேறொரு தேடல். இந்தப் பயிற்சிக்கு வாஷிங்டன் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். ஆவணங்கள் நிறைய இருக்கின்றன, சிக்கல்களும் போதுமான அளவுக்கு உண்டு. உங்கள் கையில் வேறு பெயர் இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். தொழில் (ஸ்மித் என்றால் கொல்லர், ஸ்பென்சர் என்றால் பெரிய வீட்டின் உக்கிராண அறையைப் பார்த்துக்கொண்டவர்), தகப்பன் பெயர் (ஜான்சன்), பட்டப்பெயர் (லாங், பிரவுன்), ஊர். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு நிலம் வைத்திருந்தவர்கள்தான் முதலில் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களிடம் அது பரவி நிலைக்க 1400 வாக்கில் ஆகிவிட்டது.

வாஷிங்டன் ஊர்ப்பெயர். ஹ்வாசா என்ற ஒருவரின் ஆட்கள் குடியிருந்த இடம் என்று பொருள் சொல்கிறார்கள். சரி, எந்த ஊர்? வடக்கே டர்ஹாம் பகுதியில் ஒரு வாஷிங்டன் உண்டு, தெற்கே சசெக்ஸிலும் ஒன்று உண்டு. அகராதியில் பெயரின் பொருளைப் பார்த்த கையோடு தேடலை முடித்துக்கொள்பவர்கள் தவறான ஊருக்குப் போய்விடுவது இப்படித்தான்.

படி 2: பழைய எழுத்துக்கூட்டல்களைக் குறித்துவையுங்கள்

வெஸ்ஸிங்டன், வாஸிங்டன், வாஷிங்டன் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன். இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுத் தேடினால் அவர் சிக்கவே மாட்டார்.

படி 3: தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

எல்லாரும் நேராகப் பிரபு ஒருவரைப் பிடித்து அங்கிருந்து கீழே இறங்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நிச்சயமாகத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ யாரோ, அவரிலிருந்து ஒரு தலைமுறை, அடுத்த தலைமுறை என்று மேலே ஏறுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. நாடு முழுவதும் ஆட்களைப் பெயரோடு குறித்துக்கொண்ட முதல் மக்கள்தொகைக் கணக்கு 1841உடையது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான், அவை 1538 முதல் உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை. 1931 கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது 1942இல் தீயில் போய்விட்டது. 1881 கணக்கை வைத்துக் குடும்பப் பெயர்களின் வரைபடங்கள் தயாரித்திருக்கிறார்கள். ஒரு பெயர் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருந்தது என்று பார்க்க அவை போதும்.

படி 4: பெயர் ஒட்டிக்கொண்ட இடத்தைப் பிடியுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். டர்ஹாம் பிஷப் 1183இல் தன் நிலங்களுக்கெல்லாம் ஒரு கணக்கெடுத்தார். அதற்குப் போல்டன் புக் என்று பெயர். அதில் ஹார்ட்பர்னைச் சேர்ந்த வில்லியம் என்பவர் ஹார்ட்பர்னைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டனை வைத்திருக்கிறார் என்று ஒரு வரி. வருடத்துக்கு 4 பவுண்டு வாடகை, அதோடு பிஷப் பெருவேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டை நாய்களோடு இவரும் போகவேண்டும்.

நிலம் மாறியது, பெயரும் கூடவே மாறியது. அந்த வம்சம் அதன் பிறகு வாஷிங்டன்தான். அன்றைக்கு இந்தப் பரிமாற்றம் நடக்காமல் போயிருந்தால் அமெரிக்கத் தலைநகரத்தை இன்று ஹார்ட்பர்ன் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்போம்!

படி 5: கேடயத்தை வாசிக்கப் பழகுங்கள்

கேடயச் சின்னத்தைப் படமாக அல்ல, வாசகமாகத்தான் பதிவு செய்வார்கள். அதற்கு பிளேசன் என்று பெயர். பழைய பிரெஞ்சுச் சொற்கள் கலந்திருப்பதால் முதலில் மிரட்டும். நிறங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: ஆர்ஜென்ட் வெள்ளி (வெள்ளையாகத் தீட்டுவார்கள்), ஓர் பொன் (மஞ்சள்), கியூல்ஸ் சிவப்பு, அஸூர் நீலம், சேபிள் கருப்பு, வெர்ட் பச்சை. முதல் இரண்டும் உலோகம், மற்றவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகமோ வண்ணத்தின் மேல் வண்ணமோ வைக்கக்கூடாது என்பது பொது விதி. போர்க்களத்தில் தூரத்திலிருந்து அடையாளம் தெரியவேண்டுமே.

வாஷிங்டன் குடும்பத்தின் பிளேசன் இது: “ஆர்ஜென்ட், டூ பார்ஸ் கியூல்ஸ், இன் சீஃப் த்ரீ மல்லட்ஸ் ஆஃப் த செகண்ட்.” எப்போதும் பின்னணியில் தொடங்குங்கள். வெள்ளைப் பரப்பு. அதன் குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டைகள். சீஃப் என்பது கேடயத்தின் மேல்பகுதி, அங்கே மூன்று மல்லட், அதாவது ஐந்து முனை நட்சத்திரம். கடைசியில் வரும் ‘செகண்ட்’ என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வாசகத்தில் இரண்டாவதாகச் சொன்ன நிறம் என்று அர்த்தம், அதாவது சிவப்பு. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வாஷிங்டன் டிசி 1938இல் ஏற்ற கொடி அப்படியே வந்துவிடும்.

இடது, வலது சொன்னால் அது கேடயத்தைப் பிடித்திருப்பவருடைய இடது, வலது. பார்க்கிற நமக்குத் தலைகீழ். இன்னொன்று, முழுச் சின்னத்தையும் ‘கிரெஸ்ட்’ என்று கடைக்காரர்கள் சொல்வது தப்பு. தலைக்கவசத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் உருவம் மட்டுமே கிரெஸ்ட்.

சில கேடயங்கள் பெயரை வைத்தே சிலேடை பேசும். 1596இல் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜானுக்குக் கிடைத்த கேடயத்தில் கருப்புப் பட்டையின் மேல் ஓர் ஈட்டி, பெயரிலேயே ‘ஸ்பியர்’ இருக்கிறதல்லவா? போஸ்-லயன் குடும்பத்தில் வில்லும் (ஆங்கிலத்தில் ‘போ’) சிங்கமும் (‘லயன்’).

படி 6: அந்தக் கேடயம் யாருடையது?

1530 முதல் 1688 வரை ஹெரால்டுகள், அதாவது கேடயச் சின்னங்களைக் கவனித்துக்கொள்ளும் அரச அதிகாரிகள், மாவட்டம் மாவட்டமாகப் போய், யார் எந்தச் சின்னத்தை வைத்திருக்கிறார்கள், என்ன உரிமையில் என்று விசாரித்து வம்சாவளி எழுதினார்கள். விசிட்டேஷன் என்று பெயர். இவற்றில் பலவற்றை ஹார்லியன் சொசைட்டி அச்சிட்டிருக்கிறது, ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கட்டடங்களையும் விட்டுவிடாதீர்கள். நார்தாம்ப்டனில் மேயராக இருந்த கம்பளி வணிகர் லாரன்ஸ் வாஷிங்டன் 1539இல் சல்கிரேவ் நிலத்தை வாங்கி வீடு கட்டினார். அந்த வீட்டின் நுழைவாசல் மூலையில் பட்டையும் நட்சத்திரமும் செதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

வம்சாவளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது, இங்கிலாந்தின் தலைமை ஹெரால்டான ஐசக் ஹியர்ட் அவருக்குக் கடிதம் எழுதி வம்சாவளி தயாரித்தார். ஜார்ஜின் குடும்பத்தில் இங்கிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குக் குடியேறியவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள். சல்கிரேவ் வம்சத்திலும் அதே பெயரில் இரண்டு சகோதரர்கள் இருந்ததால் அவர்களே இவர்கள் என்று முடிச்சுப் போட்டுவிட்டார். 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற ஆய்வாளர் அது பொருந்தாது என்று காட்டினார். குடியேறியவர்கள் எசெக்ஸில் பர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த லாரன்ஸின் பிள்ளைகள் என்று 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் நிறுவினார். ஹியர்ட் குடியேறியவராக எண்ணிய லாரன்ஸே அந்தப் பாதிரியார்! சரியான வம்சம், ஆனால் ஒரு தலைமுறை பிசகிவிட்டது. பெயரும் காலமும் ஒத்துப்போவது சான்று ஆகாது. உயில், ஞானஸ்நானப் பதிவு, வழக்குத் தாள் என்று ஏதாவது ஒன்று இரண்டு தலைமுறைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

படி 7: பெயரையும் ரத்தத்தையும் பிரித்துப் பாருங்கள்

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கறுப்பின மக்கள். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர், பள்ளியில் சேர்ந்தபோது தானே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார். வாஷிங்டன் என்பது அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர். அது முழுக்க அவருடைய பெயர்தான். சல்கிரேவ் வாசலில் இருக்கும் கேடயத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் பட்டியலிலும் இப்படி யாராவது நிச்சயம் வருவார்கள், அவர்களை வலுக்கட்டாயமாக ஒரு பிரபு வீட்டோடு ஒட்டவைக்க வேண்டாம்.

படி 8: சந்தேகம் இருந்தால் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்

லண்டனில் செயின்ட் பால் கதீட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அமைப்பு 1484 முதல் இருக்கிறது. அதிகாரபூர்வப் பதிவேடுகள் அங்கேதான். தேடித் தருவதற்குக் கட்டணம் வாங்குவார்கள், அதனால் முதல் ஏழு படிகளையும் முடித்துத் தாள்களோடு போவது உங்கள் பணப்பைக்கு நல்லது. ஸ்காட்லாந்துப் பெயராக இருந்தால் இவர்களிடம் போகாமல் எடின்பரோவில் லார்ட் லயன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே சட்டம் இன்னும் கடுமை. இங்கிலாந்திலும் சின்ன வழக்கு செத்துப்போகவில்லை: மான்செஸ்டர் நகராட்சியின் சின்னத்தைத் தன் மேடைத் திரைக்கு மேலே மாட்டிக்கொண்ட ஒரு நாடக அரங்கத்தை 1954இல் இத்தகைய வழக்குகளுக்கென்றே உள்ள சிவல்ரி நீதிமன்றத்துக்கே இழுத்தார்கள். நகராட்சிதான் ஜெயித்தது.

சென்னையில் இருப்பவர்கள் ஐந்தாம் படியை நேரிலேயே பழகலாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்களில் கேடயம் செதுக்கியவை உண்டு. கல்லில் வண்ணம் இருக்காது, ஆகையால் உருவங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை அப்புறம் விசிட்டேஷன் ஏட்டில் தேடலாம்.