மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்வதற்கும் சுடுதளப் பயிற்சிக்கும் ஒரே கைத்துப்பாக்கியை வாங்க விரும்புவோர், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், முதலில் அதைப் படித்துவிட வேண்டும். 2018-இல் வெளிவந்த சிக் சாவர் பி365 என்ற சிறிய கைத்துப்பாக்கி சட்டைக்குள் எளிதில் மறையும். ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் உறைக்கும் என்பதால், நீண்ட நேரப் பயிற்சியில் உள்ளங்கை நொந்துவிடும். 15 தோட்டாக்கள் கொள்ளும் கிளாக் 19 சற்றுப் பருமன்தான். எனினும் இரு வேலைக்கும் அதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சுண்டுவிரல் பிடிக்குள் அமைகிறதா, பிடியை மாற்றாமலே ஆள்காட்டி விரல் விசையை எட்டுகிறதா என்று கவனியுங்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் 50 தோட்டாக்களாவது சுட்டுப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.