கோலாலம்பூரில் பிள்ளைக்கு அறை பார்ப்பது எப்படி: தோட்டப்புற வீட்டாருக்கு

எஸ்பிஎம் தேர்வு முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ கோலாலம்பூர் போகும் பிள்ளைக்கு அறை தேட வேண்டும் என்றால், பேராக்கில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் முதலில் சொந்தக்காரர்களைத்தான் கேட்போம். "செந்தூலா? வேண்டவே வேண்டாம்" என்பார் ஒரு மாமா. "பூச்சோங் நல்ல இடம்லா" என்பார் சித்தப்பா. மாமா செந்தூலில் இருந்தது தொண்ணூறுகளில். சித்தப்பா பூச்சோங்கில் இருப்பது சொந்தக் காடியோடு (கார்). அவரவர் அனுபவம் அவரவருக்குச் சரி. ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரப்போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதி உதவாது.

வட்டாரத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே தாமானில் (குடியிருப்பில்) கடைவரிசையை ஒட்டிய லோரோங் (சந்து) இரவு பதினொன்றுக்கும் கலகலவென்று இருக்கும். இரண்டு லோரோங் தள்ளி எட்டு மணிக்கே ஆள் இருக்காது. பார்க்க வேண்டியது கடைசி அரைக் கிலோமீட்டரை. ரயில் நிலையத்திலிருந்து அறைக் கதவு வரை, பிள்ளை திரும்பி வரப்போகும் அதே நேரத்தில், நடந்தே போய்ப் பார்க்க வேண்டும்.

வாடகைக்கு முன் வழித்தடம்

முதலில் வேலையிடம் அல்லது கல்லூரி எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று பாருங்கள். அந்தத் தடத்திலேயே இருக்கும் நிலையங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒருமுறை ரயில் மாறுவது பரவாயில்லை; இரண்டு முறை மாறி, பிறகு பஸ்ஸும் ஏற வேண்டும் என்றால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள். நகர ரயில்களான எல்ஆர்டியும் எம்ஆர்டியும் காலை ஆறு மணியளவில் தொடங்கி நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நிலையத்திலிருந்து தாமானுக்குள் போகும் இணைப்பு பஸ்ஸை இரவில் நம்பி அறை எடுக்கக் கூடாது. பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிகிற பிள்ளை கடைசி ரயிலைப் பிடித்தாலும் அதன்பின் நடக்கத்தான் வேண்டியிருக்கும். புறநகர் ரயிலான கேடிஎம் கொமுட்டரில் கட்டணம் குறைவுதான், ஆனால் ஒரு ரயில் தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். இரவில் வெறிச்சோடிய மேடையில் அது நல்லதல்ல. மகள் கொமுட்டரில் போவதென்றால் பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி 2010 முதல் இருக்கிறது, இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும்.

மலிவான அறை என்று மயங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அறை மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரவில் கிராப் வாடகைக் கார் எடுத்தால் ஒரு நடைக்கு 8 வெள்ளி, மாதம் 22 நாள் வேலைக்கு 176 வெள்ளி. காசு போதாத வாரத்தில் பிள்ளை நடந்து வரும். அந்த நடைதான் பிரச்சினை. ரயில் செலவுக்கு மலேசியர்களுக்கான மை50 அட்டை இருக்கிறது: 50 வெள்ளிக்கு 30 நாள், ரேபிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாம் அடங்கும். கொமுட்டர் அதில் சேராது.

வெள்ளி இரவு, சனிக் காலை

இங்கிருந்து அடிக்கடி போய்வர முடியாது. அதனால் ஒரே பயணத்தில் இரவையும் பகலையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். சொந்தக்காரர் வீட்டில் பையை வைத்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு மேல் அந்த நிலையத்தில் இறங்கி நடங்கள். சித்தப்பா காடியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார். அன்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். காடிக்குள் இருந்து பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: எரியாத தெருவிளக்கு எத்தனை, அவை அடுத்தடுத்து இருக்கின்றனவா? மாமாக் உணவுக்கடை, ஒட்டுக்கடை, இரவெல்லாம் திறந்திருக்கும் மினிமார்க்கெட் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன? வழியில் சுரங்கப்பாதை, பக்கமெல்லாம் அடைத்த நடைமேம்பாலம், காலி நிலம், ஒரு பக்கம் முழுக்கத் தகரவேலி போட்ட கட்டுமான இடம் உண்டா? நடைபாதை சாலையோடு சமமாக ஓடுகிறதா, நடுவில் கால்வாயோ செடிவரிசையோ இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். பை பறிக்கிறவன் மோட்டாரில் வருவான், ஓரமாக உரசிக்கொண்டு போவான். இடையில் ஒரு தடுப்பு இருந்தாலே அவனுக்கு அந்தத் தெரு வசதிப்படாது.

அறை அடுக்குமாடியில் என்றால் முன்வாசல் ஜாகாவை (காவலாளி) மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பின்பக்கம், கார் நிறுத்துமிடத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். அட்டை தட்டித் திறக்க வேண்டிய கதவுக்கு யாராவது செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருந்தால், முன்னால் பத்து ஜாகா இருந்தும் பயனில்லை. மோட்டார்களை எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதும் பேசும். எல்லா வண்டியிலும் சங்கிலியும் டிஸ்க் பூட்டும் சேர்ந்து கிடந்தால் அங்கே வண்டி காணாமல் போகிறது என்று அர்த்தம்.

தரைவீட்டுத் தாமான்களில் சாலைத் தடுப்பும் காவல்கூண்டும் பார்ப்பீர்கள். பல இடங்களில் அது பொதுச்சாலை. குடியிருப்பாளர் சங்கம் சேர்ந்து போட்ட காவல். சந்தா கட்டாதவர் கூடினால் ஜாகா காணாமல் போவார், கூண்டு மட்டும் நிற்கும். இரவு இரண்டு மணிக்கு ஆள் உண்டா என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் 1975 முதல் இருக்கிற ஏற்பாடு. அந்தத் தாமானில் அது உயிரோடு இருக்கிறதா, ரோந்து போகிறார்களா என்றும் அதே கடையில் தெரிந்துவிடும். ஜாகா மைகார்டை (அடையாள அட்டை, ஐசி) கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டுப் போகலாம்.

சனிக் காலையில் தண்ணீரைப் பாருங்கள். தோட்டத்தில் மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று நமக்குத் தெரியும். நகரத்தில் கான்கிரீட் அதை மறைத்துவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது தரைவீட்டுக்காரர்கள் கூரையேறி நின்றார்கள். சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, இடுப்புக்கு மேல் ஏற்றிப் பொருத்திய பிளக் பாயின்ட், தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் கட்டியிருக்கும் குட்டிச் சுவர், இவை கண்ணில் பட்டால் தரைவீட்டு அறை வேண்டாம், மாடியில் கேளுங்கள்.

வாசல் கதவும் பில்லும்

கேட்டில் சிவப்பு பெயின்ட் சிதறிய தடம் இருக்கிறதா, அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டி முதலைகள் கடனாளியைத் தேடி வருவது வீட்டு விலாசத்துக்கு. அவன் போய் ஓராண்டு ஆனாலும் அவர்களுக்குக் கவலையில்லை, கதவைத் திறப்பவரிடம்தான் கத்துவார்கள். அதோடு தபால் பெட்டியையும் பாருங்கள். வேறு வேறு பெயரில் வங்கிக் கடிதங்கள் குவிந்திருந்தால் யார் யார் இங்கே இருந்தார்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்காரர் உண்மையான வீட்டுக்காரர்தானா என்று தெரிந்துகொள்ள, சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீதையும் கடைசி மாத டிஎன்பி மின்சார பில்லையும் காட்டச் சொல்லுங்கள். பெயர் அவர் ஐசியோடும், விலாசம் இந்த வீட்டோடும் ஒத்துப்போக வேண்டும். பில்லில் பழைய பாக்கி இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். காட்டத் தயங்குபவர் உள்வாடகைக்கு விடுபவராக இருக்கலாம். அப்படியானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் காலையில் பிள்ளையின் சாமான் வெளியே கிடக்கும்.

அறையை நேரில் பார்க்குமுன் ஒரு காசும் அனுப்பாதீர்கள். முகநூலில் படம் அழகாக இருக்கும், வாடகை அந்த வட்டாரத்தைவிட 200 வெள்ளி குறைவாக இருக்கும், "இன்னும் மூணு பேர் கேக்குறாங்க, புக்கிங் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். படம் வேறு யாருடைய வீட்டுடையதோ. நேரில் பார்த்த பிறகும், பணம் போடுமுன் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே புகார் எதுவும் இல்லை என்பதாலேயே யோக்கியன் என்றாகாது. புகார் இருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முகவர் வழியாக என்றால் அவரிடம் ஆர்இஎன் எண் (முகவர் பதிவு எண்) போட்ட அட்டை இருக்க வேண்டும், பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். முழு வீட்டுக்கு இரண்டு மாத டிபாசிட்டும் அரை மாத மின்சார-தண்ணீர் டிபாசிட்டும் வழக்கம். தனி அறைக்குப் பெரும்பாலும் ஒரு மாதம். தொகை எதுவானாலும் ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரையில்லாத தாள் நீதிமன்றத்தில் நிற்காது.

அறைக்குள்

முன்பு இருந்தவரிடம் சாவி நகல் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு அறைக் கதவின் குமிழ்ப் பூட்டை மாற்றிவிடுங்கள். ஒரு திருப்புளி போதும், கால்மணி நேர வேலை. கடைக்குப் போகுமுன் கதவின் ஓரத்திலிருந்து குமிழ்த் துளையின் நடுப்பகுதி வரை அளந்துகொள்ளுங்கள். 60 அல்லது 70 மில்லிமீட்டர் இருக்கும். இதை அளக்காமல் வாங்கித்தான் பலரும் திரும்பக் கடைக்கு நடப்பார்கள். கிரில்லுக்கு மாட்டும் பூட்டு, வளையம் அதிகம் வெளியே தெரியாத வகையாக இருக்கட்டும். நீண்ட வளையத்தைக் கட்டர் ஒரே கடியில் அறுத்துவிடும்.

திருடனுக்குப் பயந்து போட்ட கிரில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரை அடைத்துவிடும். கிரில் சாவியைக் கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில், எப்போதும் ஒரே ஆணியில் மாட்ட வேண்டும். இருட்டில் தடவி எடுத்துத் திறக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். கடைவீட்டு மாடியைப் பிளைவுட்டால் தடுத்து ஜன்னலில்லாத அறைகளாக விடுகிறார்கள். வாடகை எவ்வளவு குறைவானாலும் அது வேண்டாம். குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இருந்தால் மின்பெட்டியில் அதற்கான ஆர்சிசிபியின் (மின்கசிவுத் துண்டிப்பான்) டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே ஸ்விட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் சரிசெய்யும்வரை ஹீட்டரைத் தொடக் கூடாது.

தோட்டத்துப் பழக்கம்

கதவைத் திறந்து வைப்பது, கேட்டவருக்கெல்லாம் எந்த வீடு, யார் பிள்ளை என்று சொல்வது, கழுத்தில் சங்கிலியோடு கோயிலுக்குப் போவது: இவை நம் ஊரில் நல்ல பழக்கங்கள். அங்கே வேண்டாம். நடக்கும்போது வரும் வண்டிகளை எதிர்நோக்கி நடக்க வேண்டும், பை சாலைக்கு மறுபக்கத் தோளில். பையை இழுத்தால் விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டு இழுபட்டு உயிர்விட்ட பெண்கள் உண்டு. ஐசியும் வங்கி அட்டையும் ஒரே பர்சில் இருக்கக் கூடாது. கிராப் ஏறுமுன் எண் பலகையைச் செயலியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பஸ் நிலையத்தில் "டேக்சி, டேக்சி" என்று கூப்பிடும் கெரேத்தா சாப்புவில் (உரிமமில்லாத டேக்சி) ஏறவே கூடாது.

மகளுக்கு ஆயிரம் புத்தி சொல்லும் வீடு மகனை "ஆம்பளப் பிள்ள, சமாளிச்சுக்குவான்" என்று விட்டுவிடுகிறது. கும்பலில் இழுபடுவது அவன்தான். "ஒன் அக்கவுண்ட்ட ஒரு மாசம் குடு, 500 வெள்ளி தரேன்" என்பார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போகும். பிடிபடுவது கணக்குக்குச் சொந்தக்காரன். வங்கி அட்டையையோ கணக்கையோ அடுத்தவருக்குக் கொடுப்பதே குற்றம் என்று தண்டனைச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டிருக்கிறது. இதைக் கிளம்புமுன் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

ஏதாவது நடந்தால்

போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா (தீயணைப்பு) எல்லாவற்றுக்கும் 999. எதிர்முனையில் மலாயில் கேட்பார்கள். பதற்றத்தில் விலாசம் வராது. அடுக்குமாடிப் பெயர், புளோக், மாடி, ஜாலான், பக்கத்தில் தெரிந்த ஒரு கட்டடம், இவ்வளவையும் மலாயில் ஒரே மூச்சில் சொல்லப் பிள்ளை பழகியிருக்க வேண்டும். வங்கியிலிருந்து பணம் ஏமாற்றி எடுக்கப்பட்டால் உடனே 997. மணிக்கணக்கில் யோசித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், காசு கேட்க மாட்டார்கள், நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஐசி பறிபோனது குற்றச்செயலால் என்று அந்த நகல் காட்டினால்தான் பதிவிலாகாவில் தொலைத்ததற்கான அபராதம் விலகும்.

தொலைபேசி பறிபோனால் யார் எண்ணும் நினைவிருக்காது. அம்மா எண், பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் எண், வங்கியின் 24 மணி நேர எண், *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (தொலைபேசிக் கருவியின் அடையாள எண்), நான்கையும் தாளில் எழுதி ஒன்று அறையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரவில் திரும்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரத்துக்கு நேரடி இருப்பிடம் பகிரச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் போடச் சொன்னால் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுவார்கள்.

வரும் வழியில் விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் உள்ள எண்ணைக் குறித்து டிஎன்பியின் 15454க்கு அழைத்துச் சொல்லலாம். கம்ப எண் இல்லாமல் "அந்த வளைவுக்குப் பக்கத்தில்" என்றால் ஆள் வந்தாலும் தேடிவிட்டுப் போய்விடுவார்.